ஒரே வினா வங்கியை இரண்டு முறையா, இரண்டு வங்கியை ஒரு முறையா?

மருத்துவ உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இதைச் சுற்றித்தான் வருகிறது. வினா வங்கி, அதாவது கியூபேங்க் என்பது விளக்கத்தோடு ஆயிரக்கணக்கில் பயிற்சி வினாக்கள் தரும் இணையச் சந்தா. "ஒரு கியூபேங்க் முடித்துவிட்டேன், 60 சதவீதம் வந்திருக்கிறது. அதையே ரீசெட் செய்து மறுபடி போடட்டுமா, இல்லை இன்னொன்று வாங்கட்டுமா?" என்பது ஒரு ரகம். "மூன்று வங்கிக்குச் சந்தா கட்டியாச்சு, எதை முதலில் தொடங்குவது?" என்பது இன்னொரு ரகம். இரண்டாவது ரகம் வந்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிடும்.

வினாக்கள் போட்டுப் படிப்பது பலன் தருமா என்பதில் இப்போது பெரிய விவாதம் இல்லை. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். 2013-ல் டன்லோஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோதும் தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும்தான் மேலே வந்தன. அடிக்கோடு போடுவதும் மறுபடி வாசிப்பதும் கீழே போயின.

சரி, வினா போடுவது என்று முடிவாகிவிட்டது. எந்த வழியில் போடுவது என்பதுதான் மிச்சம். நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன்: ஒரே வங்கி இரண்டு முழுச் சுற்று; இரண்டு வங்கி ஒவ்வொன்றும் ஒரு சுற்று; ஒரே வங்கி ஒரு சுற்று, பிறகு சறுக்கிய வினாக்கள் மட்டும், கூடவே அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வு; கடைசியாக, பழைய வினாக்களும் இலவசத் தொகுப்புகளும்.

## எதை வைத்து அளப்பது

மீளாய்வுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது. எல்லாரும் "எத்தனை வினா?" என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். விடை பார்த்த பிறகு எவ்வளவு நேரம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 40 வினா கொண்ட ஒரு பிளாக்கைப் போட ஒரு மணி நேரம் ஆகும். அதன் விளக்கங்களை ஒழுங்காகப் படித்து, ஏன் தவறியது என்று பார்க்க இன்னும் இரண்டு மணி நேரம். 3,000 வினா உள்ள வங்கி என்றால் 75 பிளாக், 225 மணி நேரம். நாளைக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு நாள்கூட விடாமல் 38 நாள். இது முதல் சுற்றுக்கு மட்டும். பயிற்சி மருத்துவராக இரவுப் பணி பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு நாளைக்கு மூன்று மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அவருக்கு அது இரண்டரை மாதம். இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டாவது வங்கி வாங்குவதில் அர்த்தமில்லை.

கிடைக்கும் சதவீதம் உண்மையைச் சொல்கிறதா. வினா வங்கிக்கு இரண்டு வேலை: கற்றுக்கொடுப்பது, அளந்து காட்டுவது. ஒரு வினாவை ஒருமுறை பார்த்துவிட்டால் அளக்கும் சக்தி அதற்குப் பெரும்பாலும் போய்விடுகிறது. கற்றுக்கொடுக்கும் சக்தி மட்டும் கொஞ்சம் மிஞ்சும்.

உங்கள் தேர்வின் வார்ப்போடு பொருந்துகிறதா. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கு பிரிட்டன் நடத்தும் பிளாப் தேர்வின் முதல் பகுதியில் 3 மணி நேரத்தில் 180 வினா. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இந்தியா திரும்புவோர் எழுதும் எஃப்எம்ஜிஇ-யில் 150 நிமிடத்துக்கு 150 வினா வீதம் இரண்டு பகுதி, மொத்தம் 300. இரண்டிலும் வினாவுக்கு ஒரு நிமிடம்தான். ஆஸ்திரேலியாவின் ஏஎம்சி தேர்வில் மூன்றரை மணி நேரத்தில் 150. அதாவது வினாவுக்கு 84 விநாடி. அதுவும் உங்கள் விடையைப் பொறுத்து அடுத்த வினாவின் கடினம் மாறும் கணினித் தேர்வு. அமெரிக்காவின் யுஎஸ்எம்எல்இ ஸ்டெப் 1-ல் ஒரே நாளில் 280 வினா வரை வரும். ஒவ்வொன்றிலும் நோயாளியின் கதை, பரிசோதனை, ரத்த அறிக்கை எல்லாம் படித்துத் தீர வேண்டும். ஒற்றை வரி வினாவில் பழகியவர் இந்த நீளமான வினாவில் மூச்சு வாங்குவார். நீளமான வினாவில் பழகியவருக்கு ஒற்றை வரித் தேர்வில் வேறு தொல்லை: சின்னச் சின்னத் தகவல் நினைவில் இருக்காது.

வார்ப்பு என்பது நீளம் மட்டுமல்ல, நாட்டு வழிகாட்டுதலும்தான். கொனோரியா என்ற பால்வினைத் தொற்று சிக்கலில்லாமல் இருந்தால் அதற்கு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2020 டிசம்பரிலிருந்து சொல்வது செஃப்ட்ரியாக்சோன் 500 மில்லிகிராம் தசை ஊசி ஒன்று. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று இல்லை என்று உறுதியாகாவிட்டால் கூடவே டாக்ஸிசைக்ளின். பிரிட்டனில் அதே செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம். மார்பகப் புற்றுநோய்க்கான மேமோகிராம் பரிசோதனையை அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவின் 2024 பரிந்துரை 40 வயதிலேயே தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. "பெரிய வங்கி, எல்லாரும் புகழ்கிறார்கள்" என்று அமெரிக்க வங்கியை வாங்கி பிளாப் எழுதப் போனால், நன்றாகப் படித்த காரணத்தாலேயே மதிப்பெண் இழக்கலாம்.

தவறியது எப்போது திரும்பி வருகிறது. இன்று தவறிய வினா நாளையே வந்தால் பயன் குறைவு. இரண்டு வாரம் கழித்து, மறக்கத் தொடங்கிய நேரத்தில் வந்தால்தான் மனதில் தங்கும். எந்த வழியை எடுத்தாலும் இதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும்.

பணம். இதைக் கடைசியில் வைக்கிறேன். பணம் சின்ன விஷயம் என்பதால் அல்ல. சந்தாத் தொகை கண்ணுக்குத் தெரிந்த செலவு, அதை எல்லாரும் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

## ஒரு வினாவை எடுத்துப் பார்ப்போம்

நான்கு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரே ஒரு வினாவில் தெரிந்துவிடும். 58 வயது ஆண், நெஞ்சுவலி. இசிஜி-யில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி உயர்ந்திருக்கிறது. ரத்த அழுத்தம் 84/50. கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது. நுரையீரல் தெளிவாக இருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

முதல் தடவை பலர் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்தான நைட்ரோகிளிசரினைத் தொடுவார்கள். மாரடைப்பு என்றதும் கை அங்கேதான் போகும். சரியான விடை சிரைவழி உப்புநீர். இது கீழ்ச்சுவர் மாரடைப்போடு வலது கீழறையும் பாதிக்கப்பட்ட நிலை. வலது பக்கம் பலவீனமாக இருக்கும்போது இதயத்துக்கு வந்து சேரும் ரத்தத்தை நைட்ரேட் இன்னும் குறைத்துவிடும், அழுத்தம் மேலும் விழும்.

இரண்டாவது சுற்றில் இதே வினா வருகிறது. "58 வயது, 84/50, ஆ, இது அந்த உப்புநீர் கேஸ்" என்று நான்கே விநாடியில் கை போய்விடும். பச்சை டிக் விழும். சதவீதம் ஏறும். ஆனால் தேர்வில் வரப்போவது இந்த 58 வயதுக்காரர் அல்ல. நுரையீரலின் இரு பக்கமும் கரகரப்பு ஒலி கேட்கும் வேறொருவர். அவருக்கு இடது கீழறை தோற்றுப்போயிருக்கிறது. உப்புநீரை ஊற்றினால் மூச்சு முட்டும். அழுத்தத்தைத் தாங்கும் மருந்தும் அடைப்பைத் திறப்பதும்தான் வேண்டும். அல்லது கீழ்ச்சுவர் மாரடைப்பு வந்து நான்கு நாள் கழித்துத் திடீர் மூச்சுத்திணறலும் புதிய இதய முணுமுணுப்புமாக ஒருவர் வருவார். அவருக்கு அறுந்திருப்பது இதய வால்வைத் தாங்கிப் பிடிக்கும் பின் உள்பக்கத் தசைமுளை. பெரும்பாலும் ஒரே ரத்தக்குழாயை நம்பி இருப்பதால் அதுதான் முதலில் போகும்.

முதல் சுற்றிலேயே "நுரையீரலில் கரகரப்பு இருந்திருந்தால் விடை என்ன?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டவருக்கு மூன்று வினாவும் கிடைத்துவிட்டது. கேட்காதவர் நான்கு வங்கி முடித்தாலும் இது ஒரு வினாதான். என் பரிந்துரை எல்லாம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. எந்த வழி இந்தக் கேள்விக்கு நேரம் விடுகிறதோ, அதுவே உங்களுக்கான வழி.

## வழி 1: ஒரே வங்கி, இரண்டு முழுச் சுற்று

பலம். ஒரே நடை, ஒரே வகை விளக்கம், பழகிய அட்டவணைகள். முதல் சுற்றில் எழுதிய குறிப்புகள் அங்கேயே இருக்கும். முதல் சுற்றில் அடிப்படையே புரியாமல் விளக்கத்தைக் கதை போலப் படித்துக்கொண்டு போனவருக்கு இரண்டாம் சுற்றுதான் உண்மையில் முதல் சுற்று.

மறைந்திருக்கும் செலவு. மேலே சொன்ன நான்கு விநாடி டிக். இரண்டாம் சுற்றில் 85 சதவீதம் வருவதை வைத்துத் தேர்வுத் தேதி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 85-க்கு எந்த மதிப்பும் இல்லை. இன்னொன்று: ரீசெட் பொத்தானை அழுத்தினால் முதல் சுற்றின் பதிவுகள் பல வங்கிகளில் அழிந்துவிடும். எந்த வினா தவறியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்ற விவரமெல்லாம் போய்விடும். அதுதான் அந்தச் சந்தாவில் உங்களுக்குக் கிடைத்த மிக விலையுயர்ந்த பொருள். அழுத்தும் முன் பாடவாரியான சதவீதங்களையாவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சில வங்கிகளில் நீண்ட காலச் சந்தாவுக்குத்தான் ரீசெட் உண்டு, அதுவும் ஒரே ஒருமுறை.

நேரக் கணக்கும் பார்க்க வேண்டும். இரண்டாம் சுற்றில் மீளாய்வு பாதியாகக் குறைந்தாலும் அதே 75 பிளாக்குக்கு 150 மணி நேரம். அதில் பாதிக்கு மேல், முதல் தடவையே தெளிவாகத் தெரிந்து சரியாகப் போட்ட வினாக்களில் போகும்.

எப்போது இது சரி. இரண்டு சுற்றுக்கும் நடுவே நான்கைந்து மாதமாவது இருக்கிறது; முதல் சுற்றைப் பாடம் படிக்கும்போதே பாடவாரியாகப் போட்டுவிட்டீர்கள்; தேர்வு நெருங்கும்போது எல்லாப் பாடத்தையும் கலந்து, டைமர் வைத்து இரண்டாம் சுற்று போடப் போகிறீர்கள். இப்படி என்றால் நல்ல வழிதான். முதல் சுற்று முடித்த மறுநாளே இரண்டாம் சுற்று தொடங்குவதற்கு இது பொருந்தாது.

## வழி 2: இரண்டு வங்கி, ஒவ்வொன்றும் ஒரு சுற்று

பலம். ஒவ்வொரு வினாவும் புதிது. அதனால் சதவீதம் நேர்மையாக இருக்கும். ஒரே நோயை இரண்டு பேர் இரண்டு கோணத்தில் கேட்பதைப் பார்க்கும்போது, ஒரு வங்கியின் சொல்பாணியை மட்டும் மனப்பாடம் செய்த குட்டு உடைந்துவிடும். யூவேர்ல்ட் என்ற வங்கியில் படமும் விளக்கமும் அழுத்தமாக இருக்கும். அம்பாஸ் என்ற வங்கியில் வினாவின் கடினத்தைச் சுத்தியல் குறி போட்டுக் காட்டுவார்கள், விளக்கத்திலிருந்து நேரே அவர்களுடைய பாட நூலகத்துக்குப் போகலாம். இரண்டுக்கும் அவரவர் பலம் உண்டு.

மறைந்திருக்கும் செலவு. முதல் வங்கியின் தவறுகள் அநாதையாகிவிடும். இதுதான் இந்த வழியின் மிகப் பெரிய ஓட்டை. முதல் வங்கியில் 1,200 வினா தவறியிருக்கும். இரண்டாவது வங்கியில் இறங்கியதும் அந்த 1,200-ஐத் திரும்பிப் பார்க்க நேரமும் இருக்காது, மனமும் வராது. புது வினா போடுவதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. பழைய தவறைப் பார்ப்பதில் இருப்பது சங்கடம் மட்டுமே. மனம் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வங்கி முதலாவதைவிடக் கடினமாக இருந்தால் சதவீதம் சரியும். நேற்று வரை 65, இன்று 52. அறிவு குறையவில்லை, அளவுகோல்தான் மாறியது. ஆனால் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்த 52-ஐப் பார்த்துத் தூக்கம் கெட்டு, இருந்த திட்டத்தையும் கலைத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சில வங்கிகள் தேர்வில் வராத நுணுக்கங்களையும் கேட்கும். அவற்றைத் துரத்திக்கொண்டு போனால் அடிப்படை ஆட்டம் காணும்.

எப்போது இது சரி. இரண்டு பேருக்கு. ஒருவர், முதல் வங்கியை முழுதாக முடித்து, தவறியவற்றையும் பார்த்துத் தீர்த்து, அதற்குப் பிறகும் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் கையில் வைத்திருப்பவர். இன்னொருவர், ஒருமுறை தேர்வு எழுதித் தேறாமல் மறுபடி எழுதுபவர். இவருக்குப் பழைய வங்கியின் வினாக்கள் கண்ணை மூடினாலும் தெரியும். அதிலேயே மூன்றாவது சுற்று போவது வீண். புது வங்கி இவருக்கு ஆடம்பரம் அல்ல, தேவை.

உயர்ந்த மதிப்பெண் தேவைப்படுகிறதா, தேர்ச்சி போதுமா என்பதும் இங்கே வரும். 2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1-க்கு மூன்றிலக்க மதிப்பெண் கிடையாது, தேர்ச்சியா தோல்வியா என்று மட்டும்தான் சொல்கிறார்கள். எஃப்எம்ஜிஇ-யில் 300-க்கு 150 எடுத்தால் போதும். இப்படிப்பட்ட தேர்வுகளுக்கு இரண்டாவது வங்கியின் கூடுதல் நுணுக்கங்கள் பெரும்பாலும் வீண் சுமை. யுஎஸ்எம்எல்இ-யின் அடுத்த கட்டமான ஸ்டெப் 2 சிகே போல மதிப்பெண்ணை வைத்துப் பயிற்சி இடம் முடிவாகும் தேர்வென்றால் பேச்சு வேறு.

## வழி 3: ஒரு சுற்று, பிறகு சறுக்கியவை, கூடவே அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வு

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

பலம். நேரம் தேவையான இடத்துக்குப் போகிறது. 3,000-ல் 1,200 சறுக்கியது என்றால் 30 பிளாக். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம் கொடுத்தாலும் 75 மணி நேரத்தில் முடியும். வழி 1-ல் இரண்டாம் சுற்றுக்கு ஆகும் நேரத்தில் பாதி. மிச்ச நேரத்தை மாதிரித் தேர்வுக்குக் கொடுக்கலாம். தேர்வு நடத்துபவர்களோ அவர்களோடு இணைந்தவர்களோ வெளியிடும் மாதிரித் தேர்வுகள் வங்கிகளைவிட ஒரு விஷயத்தில் மேல்: உண்மையான தேர்வின் தொனி அவற்றில்தான் இருக்கும். ஸ்டெப் 1-க்கு, யுஎஸ்எம்எல்இ-யை நடத்தும் அமைப்புகளில் ஒன்றான என்பிஎம்இ வெளியிடும் சுய மதிப்பீட்டுத் தேர்வு, அடுத்த ஒரு வாரத்துக்குள் எழுதினால் தேறும் வாய்ப்பு எவ்வளவு என்றே கணக்கிட்டுத் தருகிறது. எந்த வங்கியின் சதவீதத்தையும்விட நான் இதைத்தான் நம்பச் சொல்வேன். யுஎஸ்எம்எல்இ இணையதளத்தில் மாதிரி வினாக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை ஆரம்பத்திலேயே செலவழித்துவிடாமல் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. இந்த வழியில் ஒரு பொறி உண்டு. "தவறியவை" என்று வங்கி பிரித்துத் தரும் பட்டியல் முழுமையானது அல்ல. இரண்டு விடைக்கு நடுவே தடுமாறிக் குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டவை அதில் வராது. 600 வினாவில் அப்படித் தடுமாறினீர்கள் என்றால் சராசரியாக 300 சரியாக விழுந்திருக்கும். அந்த 300-ம் உங்களுக்குத் தெரியாதவை, ஆனால் பச்சை நிறத்தில் ஒளிந்திருக்கின்றன. அதனால் முதல் சுற்றிலேயே, விடை பார்க்கும் முன், சந்தேகமாக இருக்கும் ஒவ்வொரு வினாவிலும் கொடி போட்டுவிட வேண்டும். "சறுக்கியவை" என்று நான் சொல்வது தவறியதும் கொடி போட்டதும் சேர்ந்துதான். மேலே போட்ட கணக்கில் இந்த 300-ஐச் சேர்த்தால் இன்னும் ஏழெட்டுப் பிளாக் கூடும், அதற்குத் தயாராக இருங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தவறியவற்றை மட்டும் போடும்போது "போன தடவை பி போட்டேன், அப்படியானால் பி இல்லை" என்ற நினைவு வந்துவிடும். இதற்கு ஒரு வழி: விடைத் தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, வினாவைப் படித்து முடித்ததும் விடையை வாயால் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் தெரியுமா தெரியாதா என்பது அப்போது ஒளிய முடியாது.

உறுதியாக நம்பித் தவறிய வினாக்களுக்கு முதலிடம் கொடுங்கள். பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் ஆகியோர் 2001-ல் காட்டியது வேடிக்கையானது: மிக நம்பிக்கையோடு சொன்ன தவறுகள்தான், விடை தெரிந்தபின் நன்றாகத் திருந்துகின்றன. அதிர்ச்சிக்கு அந்தப் பலன் உண்டு. நைட்ரோகிளிசரினை அடித்துச் சொன்னவருக்கு உப்புநீர் நன்றாகப் பதியும், விளக்கத்தை அவசரமாகத் தாண்டாமல் இருந்தால்.

எப்போது இது சரியல்ல. முதல் சுற்றில் பாதிக்கும் மேல் தவறியிருந்தால். அப்போது பட்டியலே வங்கி அளவுக்கு இருக்கும். வினாவை நிறுத்திவிட்டுப் பாடத்துக்குத் திரும்ப வேண்டிய அறிகுறி அது.

## வழி 4: பழைய வினாக்களும் இலவசத் தொகுப்புகளும்

சந்தா கட்ட வழியில்லாதவர்கள் கேட்கிறார்கள், அதனால் இதை ஒதுக்க மனமில்லை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும்.

இலவச மாதிரி வினாக்கள், பாடநூல்களின் அத்தியாயக் கடைசியில் உள்ள வினாக்கள், கல்லூரித் தேர்வுத் தாள்கள் எல்லாம் நல்லவை. விளக்கம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். விளக்கத்தை நீங்களே பாடநூலில் தேடி எழுதினால் அது வங்கி விளக்கத்தைவிட நன்றாகவே தங்கும். நேரம்தான் இரட்டிப்பாகும். மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்குப் பத்து வினா பிரித்து எடுத்து, ஒருவருக்கொருவர் விளக்கினால் அந்தச் செலவு இறங்கும்.

நினைவிலிருந்து எழுதி வாட்ஸாப், டெலிகிராம் குழுக்களில் சுற்றும் "ரீகால்" வினாக்கள் வேறு ரகம். தேர்வு நடத்தும் அமைப்புகள் பெரும்பாலும் வினாத்தாளை வெளியிடுவதில்லை. அதனால் சுற்றுவது யாரோ பாதி நினைவில் எழுதியது. கழுத்துச் சிரையை விட்டுவிட்டு அந்த 58 வயதுக்காரரை எழுதிவைத்தால் வினா பொருளற்றுப் போகும், கீழே இருக்கும் விடையும் எவரோ ஊகித்ததாக இருக்கும். காலாவதியான விடைகள் இன்னொரு தொல்லை: கொனோரியாவுக்கு செஃப்ட்ரியாக்சோனோடு அசித்ரோமைசின் என்று இன்றும் அமெரிக்கத் தேர்வுக் குழுக்களில் சுற்றுகிறது.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. 2024 ஜனவரியில் யுஎஸ்எம்எல்இ, நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் சிலரின் மதிப்பெண்களைச் செல்லாது என்று அறிவித்தது. வினாக்கள் முன்கூட்டியே தெரிந்திருந்த சாயல் விடைகளில் தெரிந்ததுதான் காரணம். திருட்டு வினா பகிரும் குழுவில் உறுப்பினராக இருப்பது உங்கள் வாழ்க்கைத் தொழிலையே பணயம் வைப்பது. பணம் கொடுத்து வாங்கும் வங்கியின் திருட்டுப் பிரதியும் இதே வகைதான். அதில் பழைய பதிப்புதான் கிடைக்கும் என்பது தனி.

எப்போது இது சரி. முதல் வகை, எந்த வழியோடும் துணையாக. தேர்வுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது என்றால் முதல் சில மாதங்களுக்குத் தனியாகவும் போதும். ரீகால் வகை, எப்போதும் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | வழி 1: ஒரே வங்கி இருமுறை | வழி 2: இரண்டு வங்கி | வழி 3: ஒரு சுற்று + சறுக்கியவை + மாதிரித் தேர்வு | வழி 4: பழைய, இலவச வினாக்கள் |
|---|---|---|---|---|
| முதல் சுற்றுக்குப் பின் ஆகும் நேரம் | 150 மணி நேரம் அளவில் | 225 மணி நேரம் அளவில் | 100 மணி நேரம் அளவில், மாதிரித் தேர்வு தனி | சொல்ல முடியாது |
| சதவீதத்தை நம்பலாமா | இரண்டாம் சுற்றில் கூடாது | நம்பலாம், கடினம் மாறும் | மாதிரித் தேர்வை நம்பலாம் | கூடாது |
| தவறு திரும்பி வருமா | வரும், தெரிந்தவற்றோடு கலந்து | தானாக வராது | வரும் | நீங்களே ஏற்பாடு செய்தால் |
| பெரிய ஆபத்து | விடை நினைவில் இருந்து ஏமாற்றும் | முதல் வங்கித் தவறுகள் மறந்துபோகும் | குருட்டாம்போக்கில் சரியானவை ஒளியும் | தவறான, காலாவதியான விடை |
| யாருக்கு | நீண்ட இடைவெளி உள்ளவர் | மறுபடி எழுதுபவர், உயர் மதிப்பெண் தேவைப்படுபவர் | பெரும்பாலானவர் | ஆரம்ப கட்டம், துணைக்கு |

## அன்கி அட்டைகள் போதாதா?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. அன்கி என்பது கேள்வி-விடை அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் செயலி. அது மட்டும் போதாது. அட்டை ஒரு தகவலைக் கேட்கிறது; தேர்வு பதினைந்து தகவலில் எது முக்கியம் என்று கேட்கிறது. "வலது கீழறை மாரடைப்பில் எந்த மருந்து கூடாது?" என்ற அட்டைக்கு விடை சொல்பவர், மேலே உள்ள வினாவில் அது வலது கீழறை என்பதையே கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் தவறுகளைத் திரும்பக் கொண்டுவரும் கருவியாக அன்கிக்கு இணை இல்லை. பிறர் செய்த பல்லாயிரம் அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொண்டு, தினமும் குவியும் நிலுவையில் மூழ்குவதைவிட, சறுக்கிய வினாவுக்கு ஒரு அட்டை வீதம் நீங்களே எழுதுங்கள். அதுவும் ஒரே வரி: "கீழ்ச்சுவர் மாரடைப்பு, அழுத்தம் குறைவு, சிரை புடைப்பு. நுரையீரல் தெளிவு என்றால்? கரகரப்பு என்றால்?" விளக்கத்தை முழுதாக ஒட்டிவைத்த அட்டையை இரண்டாம் முறை யாரும் படிப்பதில்லை.

## டியூட்டர் முறையா, டைமரா?

இதில் நீண்ட வாதம் தேவையில்லை. பாடம் புதிதாக இருக்கும்வரை ஒவ்வொரு வினாவுக்கும் உடனே விடை காட்டும் டியூட்டர் முறை, பாடவாரியாக. வங்கியில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் டைமருக்கும் கலவைக்கும் மாறிவிடுங்கள். பாடவாரியாகப் போடும்போது "இது இதயப் பாடம்" என்ற துப்பு தலைப்பிலேயே கிடைத்துவிடுகிறது. மூச்சுத்திணறலோடு வருபவருக்கு இதயமா, நுரையீரலா, ரத்தசோகையா, பதற்றமா என்று பிரிப்பதுதான் தேர்வின் பாதி வேலை. கலவையில்தான் அதைப் பழக முடியும். கலவைக்கு மாறிய வாரத்தில் சதவீதம் சரியும். அது இயல்பு.

## சந்தா கட்டும் முன்

இலவசச் சோதனைக் காலம் இருந்தால் ஒரு பிளாக் போட்டு, மீளாய்வையும் சேர்த்துக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். என் இரண்டு மணி நேரக் கணக்கு உங்களுக்கு மூன்றாக இருக்கலாம். அந்த எண்ணை வங்கியின் மொத்தப் பிளாக்கோடு பெருக்கி, உங்கள் ஒரு நாள் படிப்பு நேரத்தால் வகுத்தால் எந்த வழி உங்களுக்குச் சாத்தியம் என்று தெரிந்துவிடும். கிடைக்கும் நாள் கையில் உள்ள நாளைவிட அதிகமாக இருந்தால் வினாக்களைக் குறையுங்கள், மீளாய்வைக் குறைக்காதீர்கள். வங்கியை முக்கால் பங்கு முடித்துச் சறுக்கியவற்றைப் பார்த்தவர், முழுதும் முடித்து எதையும் பார்க்காதவரைவிட நல்ல நிலையில் இருப்பார்.

சந்தாக் கடிகாரம் நீங்கள் வாங்கிய அன்றோ முதல் முறை திறந்த அன்றோ ஓடத் தொடங்கிவிடும். எது என்று வாங்கும் முன்பே விதிமுறையைப் படித்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி முடிகிறது என்று பாடம் தொடங்கும் முன்பே ஓராண்டுச் சந்தாவைத் திறந்து, முதல் நான்கு மாதத்தைச் சும்மா விட்டவர்கள் நிறைய. சந்தா முடியும் தேதி தேர்வுத் தேதிக்கு இரண்டு மூன்று வாரம் தள்ளியே இருக்கட்டும். தேர்வு மையத்தில் இடம் கிடைக்காமலோ, விசா தாமதத்தாலோ தேதி தள்ளிப்போவது அபூர்வம் இல்லை. கடைசி வாரத்தில் கொடி போட்ட வினாக்களைப் பார்க்க உட்காரும்போது திரையில் "சந்தா காலாவதி" என்று வந்தால், குறுகிய கால நீட்டிப்புக்கு நாள் கணக்கில் பார்த்தால் முழுச் சந்தாவைவிட அதிகமாகக் கேட்பார்கள்.